குத்துச்சண்டை வீரருக்குப் பளுப்பயிற்சி தேவையா?

குத்துச்சண்டைக் கூடங்களில் நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அதிகாலை ஓட்டம், கயிறு தாண்டுதல், நிழற்சண்டை, தொங்கும் மணல்மூட்டையைக் குத்துதல், இணையோடு பயிற்சிச் சண்டை ஆகிய ஐந்துமே ஒரு வீரரை உருவாக்கப் போதும் என்பர் மூத்த பயிற்றுநர் பலர். இரும்பைத் தூக்கினால் தசை இறுகும், தசை இறுகினால் கை மெதுவாகும், கை மெதுவானால் எதிராளியின் குத்து முந்திவிடும் என்பது அவர்தம் வாதம். இளைய பயிற்றுநர்களோ, ஓட்டத்தையும் கயிற்றையும் மட்டும் நம்பி இன்றைய மேடையில் ஏறுவது அரைகுறை ஆயத்தமே என்பர்.

இவ்வழக்கின் தீர்ப்பு பயிற்றுநர்களோடு நின்றுவிடுவதில்லை. பள்ளி முடிந்து கூடத்துக்கு வரும் பதினான்கு வயது மாணவி ஒருத்திக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். அதில் ஒரு பகுதியைப் பளுவுக்குக் கொடுத்தால், குத்தும் கலையைக் கற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். கொடுக்காமல் விட்டால், தன்னைவிட வலிமை மிகுந்த எதிராளி நெருங்கிவந்து தள்ளும்போது அவள் கற்ற கலை முழுவதும் கயிற்றோரம் ஒதுங்கிவிடக்கூடும். எனவே இதைப் பழக்கத்தையோ புதுமை மோகத்தையோ கொண்டு முடிவு செய்தல் தகாது. இருபுறத்தையும் ஆராய்ந்தால், பளுப்பயிற்சி குத்துச்சண்டை வீரருக்குத் தேவை என்பதே சரியான விடையாகும். ஆயினும் அது கலைக்கு ஏவல் செய்யும் அளவில்தான் தேவை.

முதலில், பழைய முறை என்று போற்றப்படுவது எது என்பதைக் காண வேண்டும். பாப் ஃபிட்ஸிமன்ஸ் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர்; கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்துத் தோளில் உரம் ஏற்றியவர். 1897ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தம்மைவிடக் கனமான ஜேம்ஸ் கார்பெட்டைப் பதினான்காம் சுற்றில் வீழ்த்தி, கனரக எடைப்பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். மேல்வயிற்றில் இறங்கிய ஒரே குத்தில் ஆட்டம் முடிந்தது. அன்று அவருடைய எடை ஏறத்தாழ 76 கிலோ. இன்றைய கணக்கில் அது நடுத்தர எடைக்காரரின் உடலாகும். மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் வீரரும் அவரே. அவருக்குப் பின் வந்த ஜாக் டெம்ப்ஸி இளமையில் சுரங்கங்களில் உழைத்தவர். முகமது அலியோ, பென்சில்வேனியாவில் டீர் லேக் என்னுமிடத்தில் அமைத்த தம் பயிற்சி முகாமில் கோடரி எடுத்து மரம் வெட்டினார். அக்கால வீரர்கள் இரும்பைத் தூக்கினார்களா என்று வினவுவோர், சம்மட்டியும் கோடரியும் இரும்பால் ஆனவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

இந்தியாவிலும் இதுவே கதை. மணிப்பூரின் மேரி கோம் சிறுவயதில் பெற்றோருடன் வயல்வேலை செய்தவர். அதே மாநிலத்தின் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, மலைப்பகுதியிலிருந்து விறகுச் சுமைகளைச் சுமந்து வந்த சிறுமி. தமிழ்நாட்டின் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னே எறிவது இளைஞர்களின் வலிமைக்குத் தேர்வாக இருந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுழற்றினர். அந்தக் கர்லாக்கட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் இந்தியாவில் கண்டு தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. பளுப்பயிற்சி மேலைநாட்டிலிருந்து நேற்று வந்த புதுச்சரக்கு என்று எண்ணுவோர்க்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

ஆக, முன்னோரின் குத்துச்சண்டைக் கூடத்தில் பளு இல்லாமல் இருந்திருக்கலாம். அவர்களின் வாழ்க்கையில் அது இருந்தது. வயலிலும் பட்டறையிலும் துறைமுகத்திலும் நாள் முழுவதும் சுமந்தவர்களுக்கு, மாலையில் பயிற்றுநர் கற்பிக்க வேண்டியது கால்நகர்வும் கைவேகமும் மட்டுமே. தில்லியிலோ மும்பையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் இன்றைய மாணவரின் நிலை வேறு. மின்தூக்கியில் இறங்கி, பள்ளி வண்டியில் ஏறி, ஆறு மணி நேரம் இருக்கையில் அமர்ந்து, வீடு திரும்பிப் பாடம் எழுதும் அவருக்குப் புத்தகப்பையைத் தவிர வேறு சுமை இல்லை. பழைய பயிற்சியை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு அடித்தளமாக இருந்த உழைப்பை விட்டுவிட்டால், கிடைப்பது பழைய முறையின் பாதிதான். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். முன்னோர்க்குச் சுவரை வாழ்க்கையே எழுப்பிக் கொடுத்தது. இன்றைய மாணவர் அதைத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்து, குத்து எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காண்போர் இவ்வழக்கை வேறு கண்ணோடு நோக்குவர். பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது கையுறை மட்டுமே. ஆனால், விசை தொடங்குவது பின்னங்காலின் பாதத்தில். பாதம் தரையை உந்துகிறது. அந்த உந்துதல் முழங்காலையும் இடுப்பையும் கடந்து, உடல் திரும்பும்போது பெருகி, தோள் வழியாகக் கைக்குச் சென்று முட்டியில் முடிகிறது. 1985இல் சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களைக் கொண்டு நேர்குத்தின் விசையை அளந்தனர். தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. உடல் திரும்புவதன் பங்கும் ஏறக்குறைய அதே அளவு. கையின் பங்கு கால்வாசிதான். கீழ்நிலை வீரர்களிடமோ காலின் பங்கு 17 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அவர்கள் கையாலேயே குத்தினர். தேர்ந்தோர் காலால் குத்தினர் என்று சொன்னாலும் பிழையாகாது.

இந்த உண்மையிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. காலும் இடுப்பும் நடுவுடலும் வலுப்பெற்றால் குத்து வலுப்பெற வழி உண்டு என்பது ஒன்று. கைத்தசையைப் பருக்கவைப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது மற்றொன்று. இளைஞர் பலர் கண்ணாடி முன் நின்று புயத்தை அளந்து பார்ப்பதில் காட்டும் ஆர்வத்தைக் குந்தி எழுவதில் காட்டுவதில்லை. கையில் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றைக் குத்தும் வழக்கமும் பல கூடங்களில் காணப்படுகிறது. டம்பெல்லின் எடை கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. குத்தோ முன்நோக்கிச் செல்ல வேண்டியது. அப்பயிற்சியில் கையைத் தாழாமல் தாங்கிப்பிடிக்கும் தோள்தசைதான் களைக்கிறதே தவிர, குத்துக்கு வேண்டிய உந்துவிசை வளர்வதில்லை. பளுப்பயிற்சியை வெறுக்கும் பயிற்றுநர்கள் இத்தகைய காட்சிகளைக் கண்டே வெறுத்திருக்கக்கூடும். அவர்களைக் குறை சொல்ல இயலாது.

வலிமை மட்டும் இருந்தாலும் போதாது. ஒரு தசை தன் முழு விசையையும் திரட்டுவதற்கு 0.3 நொடி அல்லது அதற்கு மேலும் ஆகும். நல்ல குத்து அதற்குள் இலக்கை அடைந்து திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே, எவ்வளவு விசை உண்டு என்பதோடு, அதை எவ்வளவு விரைவில் வெளிக்கொணர முடியும் என்பதும் முதன்மை பெறுகிறது. கனமான பளுவை மெல்லத் தூக்கும் பயிற்சியோடு, மெடிசின் பால் எனப்படும் கனத்த பந்தைச் சுவரில் வேகமாக எறிவது, நின்ற இடத்திலிருந்து உயரத் தாவுவது போன்ற விரைவுப் பயிற்சிகளும் சேர வேண்டும் என்று விளையாட்டு அறிவியல் கூறுவது இதனால்தான். பளுவால் கை மெதுவாகும் என்னும் அச்சத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. குறுந்தொலைவு ஓட்டக்காரர்களும் ஈட்டி எறிவோரும் பளுவைத் தூக்குகின்றனர். உலகின் மிக விரைவான உடல்கள் அவர்களுடையவை. மெதுவாகத் தூக்குவதோடு நின்றுவிட்டு, தசை நீட்டலையும் விரைவுப் பயிற்சியையும் கைவிட்டவர்களுக்கே அவ்வச்சம் பொருந்தும்.

எதிர்த்தரப்பு காட்டும் சான்றுகளில் வலுவானது ஆன்டனி ஜோஷுவாவின் தோல்வியாகும். கனரகப் பட்டங்கள் பலவற்றை வைத்திருந்த அவ்வீரர், 2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஆன்டி ரூயிஸை எதிர்கொண்டார். ஜோஷுவாவின் உடல் சிற்பி செதுக்கியது போல் இருந்தது. எடை ஏறத்தாழ 112 கிலோ. ரூயிஸோ தொந்தியோடு வந்தவர். பார்த்தவர்கள் பலர் அவரை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அந்த ரூயிஸின் கைகள் மின்னல்போல் இயங்கின. ஜோஷுவா நான்கு முறை கீழே விழுந்து, ஏழாம் சுற்றில் பட்டத்தை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சவூதி அரேபியாவில் நடந்த மறுபோட்டிக்கு அவர் ஏறத்தாழ 5 கிலோ குறைந்து வந்தார்; நெருங்கிச் சண்டையிடாமல் காலால் நகர்ந்து, தொலைவைக் காத்து, பன்னிரண்டு சுற்றுகளிலும் அறிவோடு ஆடிப் புள்ளிகளால் வென்றார். ரூயிஸ் அம்முறை முன்னிலும் கனத்து வந்தார் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆயினும், தேவைக்கு மேற்பட்ட தசை மேடையில் சுமையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடுவது அரிது. தசையும் உயிர்க்காற்றைக் கேட்கும் ஓர் உறுப்பே. மூன்று நிமிடச் சுற்று ஒன்றில் ஒவ்வொரு கிலோவையும் இதயமும் நுரையீரலும்தான் தாங்க வேண்டும்.

கனரக வீரர்க்காவது எடைக்கு மேல்வரம்பு இல்லை. மற்றவர்களுக்கு எடைப்பிரிவு என்னும் வேலி உண்டு. 2012இல் இலண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள் இருந்தன. அதுவரை 46, 48 கிலோ போன்ற பிரிவுகளில் உலகப் பட்டங்களைக் குவித்த மேரி கோம், 51 கிலோவுக்கு உயர்ந்தே ஆக வேண்டியிருந்தது. தம்மைவிட உயரமும் இயல்பான எடையும் மிகுந்தவர்களோடு மோதி, அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலம் பெற்றார். அசாமின் லவ்லினா போர்கோஹைன் டோக்கியோவில் 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அப்பிரிவு பாரிஸ் ஒலிம்பிக்கில் நீக்கப்பட்டதால் 75 கிலோவுக்கு மாறி, 2023இல் புது தில்லியில் உலகப் பட்டம் பெற்றார். நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன் எதிர்த்திசையில் சென்றவர். 2022இல் 52 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்ற அவர், ஒலிம்பிக் பிரிவுக்காக 50 கிலோவுக்கு இறங்கி, அடுத்த ஆண்டே அங்கும் பட்டம் வென்றார். மேலே செல்பவர் புதிய எடையை வெறும் கொழுப்பாக ஏற்றிக்கொண்டால் பயனில்லை. கீழே இறங்குபவர் எடையோடு வலிமையையும் இழந்துவிட்டால் அதைவிட இழப்பு. இருவர்க்கும் அளவறிந்த பளுப்பயிற்சியே துணை.

பளு தூக்கினால் எடை கூடிவிடும் என்று அஞ்சுவோர் மீராபாய் சானுவை நினைவுகூரலாம். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்றபோது, அவர் தம் தலைக்கு மேல் உயர்த்திய எடை 115 கிலோ. உடலின் எடையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட அப்பளுவைத் தூக்கியவரின் உடல் 49 கிலோவுக்குள்ளேயே இருந்தது. வலிமை என்பது தசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. ஏற்கெனவே உள்ள தசைநார்களில் எத்தனையை மூளையும் நரம்பும் ஒரே நேரத்தில் பணிக்கு அழைக்கின்றன என்பதைப் பெரிதும் பொறுத்தது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பருக்காமலேயே வலிமை கூடுவது இதனால்தான். குறைந்த தடவைகளே தூக்கி, நன்கு ஓய்வெடுத்து, உணவை அளவோடு கொள்பவர்க்கு எடை தாறுமாறாக ஏறுவதில்லை. பெண்கள் பளு தூக்கினால் தோற்றம் கெடும் என்று வீட்டில் சொல்லப்படும் பேச்சுக்கு இதற்கு மேல் மறுமொழி வேண்டியதில்லை.

மூத்த பயிற்றுநர்களின் வாதங்களில் இறுதிவரை நிலைக்கும் ஒன்று நேரத்தைப் பற்றியது. களைத்த உடலால் நுட்பத்தைக் கற்க இயலாது. காலை வேளையில் பளுவால் கால்கள் கனத்துப்போன மாணவர், மாலைப் பயிற்சிச் சண்டையில் நகர வேண்டிய நேரத்தில் நகராமல் நிற்பார். வாங்கக் கூடாத குத்துகளை வாங்குவார். தவறான கால்நகர்வே அவருக்குப் பழகிவிடும். இந்த வாதம் முற்றிலும் உண்மை. ஆனால், இது பளுவின் அளவையும் வேளையையும் பற்றிய எச்சரிக்கையே தவிர, பளுவே கூடாது என்பதற்குச் சான்றாகாது. வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு அரைமணி முதல் முக்கால்மணி நேரம் போதும். குத்துப் பயிற்சி முடிந்த பிறகே பளு. பயிற்சிச் சண்டை உள்ள நாளுக்கு முந்தைய நாளில் கனமான பளு இல்லை. போட்டி நெருங்கும் வாரத்தில் மிகக் குறைவு. இவ்வளவில் நின்றால் கலைக்குரிய நேரம் ஏறத்தாழ முழுமையாகவே எஞ்சும். ஒரு வாரத்தில் பளுவுக்கு ஐந்து நாளும் பயிற்சிச் சண்டைக்கு ஒரு நாளும் ஒதுக்கும் வீரரைக் குத்துச்சண்டை வீரர் என்று அழைப்பதே ஐயத்துக்குரியது.

எந்தப் பயிற்சிகள் என்பதில் பெரிய மறைபொருள் ஏதும் இல்லை. குந்தி எழுதல், தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்தல், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல், தண்டால், கனத்த பந்தை உடலைத் திருப்பி எறிதல் ஆகியவற்றோடு கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் உரிய எளிய பயிற்சிகள் சேர்ந்தால் போதும். கம்பியில் தொங்கும் பயிற்சிக்கு இங்கே தனி இடம் உண்டு. குத்துச்சண்டை வீரர் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கையை முன்நோக்கியே வீசுகிறார். முதுகுத்தசைக்கு அந்த அளவு வேலை இல்லை. முன்பக்கம் மட்டும் வளர்ந்த தோள் காலப்போக்கில் நோவெடுக்கும். முதுகை வலுப்படுத்தும் இழுப்புப் பயிற்சி அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. குத்திய கையை விரைந்து திரும்ப இழுப்பதற்கும் அது உதவுகிறது. திரும்பாத கையே எதிராளிக்குத் திறந்த கதவு.

வளரும் பிள்ளைகள் பளு தூக்கினால் உயரம் குன்றும் என்னும் நம்பிக்கை பல வீடுகளில் இன்றும் உண்டு. தகுந்தவர் மேற்பார்வையில் முறையாகச் செய்யப்படும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேற்பார்வை இல்லாத கூடத்தில், நண்பரோடு போட்டி போட்டுக்கொண்டு, முதுகை வளைத்துக் கனத்த பளுவைத் தூக்க முயலும்போதுதான் காயம் நேர்கிறது. மாணவரின் பளுவை முடிவு செய்ய வேண்டியவர் பயிற்றுநரே. அருகில் நின்று கைதட்டும் தோழர் அல்லர்.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. பள்ளித் திடலில் ஒரு குறுக்குக்கம்பி, மணல் நிரப்பிய பைகள் சில, கனத்த பந்து ஒன்று ஆகியவை இருந்தால் முதல் ஆண்டுக்குப் போதுமானவை. தொடக்கத்தில் அவையும் வேண்டியதில்லை. உடலின் எடையே முதல் பளு. முதுகு வளையாமல், குதிகால் தரையை விட்டு எழாமல், இருபது முறை சீராகக் குந்தி எழ இயலாத மாணவரின் தோளில் மணற்பையை ஏற்றுதல் கூடாது. அவர் அந்த இருபதை எட்டும்வரை பயிற்றுநர் பொறுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆனாலும் சரி, மூன்று மாதம் ஆனாலும் சரி.